பந்தயமில்லாத ஓட்டம்

ஒரு செயலை அதனால் விளையும் பயனைக் கொண்டு மதிப்பிடுவதே நம்மவர் வழக்கம். படிப்புப் பட்டத்துக்கு, பட்டம் பதவிக்கு, பதவி பொருளுக்கு, பொருள் வாழ்வுக்கு. இச்சங்கிலியின் இறுதிக் கண்ணியாகிய வாழ்வு எதற்கு என்ற வினா எழும்போதோ நாம் விடையின்றி நிற்கிறோம். பிறிதொன்றின் பொருட்டன்றித் தன்பொருட்டே செய்யத்தக்க செயல் மனித வாழ்வில் உண்டா, உண்டாயின் அதன் இயல்பு யாது என்பது மெய்யியலின் பழைய வினாக்களுள் ஒன்று. அவ்வினாவை மிக எளிய, சிலருக்கு நகைப்பையும் தரக்கூடிய ஓர் உதாரணத்தின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அவ்வுதாரணம் ஓட்டம். அதிலும், பள்ளிப் பருவத்தில் மைதானத்தைத் திரும்பியும் பாராத ஒருவர், வளர்ந்தபின், வெல்லும் வாய்ப்பு எதுவுமில்லை என நன்கறிந்தும் ஓடத் தொடங்கி, அவ்வோட்டத்தின்மீது காதல்கொள்ளும் நிகழ்ச்சி.

இது அரிய நிகழ்ச்சியன்று. தெஹிவளையிலிருந்து வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி நோக்கிக் கடலோரமாகச் செல்வோர் வைகறையில் இதனை நாள்தோறும் காணலாம். ஒருபுறம் கடலும் தெற்கே செல்லும் புகையிரதப் பாதையும், மறுபுறம் அடுக்குமாடிக் குடியிருப்புகள், இடையே ஓடுவோர். அவர்களுட் பலர் இளைஞர் அல்லர். விளையாட்டு வீரரும் அல்லர். உத்தியோகத்தர், ஆசிரியர், கடை நடத்துவோர், பேரப்பிள்ளைகளைக் கண்ட பெரியவர்கள் ஆகியோரே மிகுதி. அவர்கள் எங்கே போகிறார்கள்? எங்கும் போகவில்லை. புறப்பட்ட வாயிலுக்கே திரும்பி வருகின்றனர். அவ்வழியே செல்லவேண்டிய தேவை இருந்தால் காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ் வண்டி கிடைக்கும். போக்குவரத்து என்ற வகையில் நோக்கின் அவர்களது முயற்சியின் பெறுபேறு பூச்சியமேயாகும். இப்பூச்சியமே நமது சிந்தனைக்குரியது.

ஓடுதல் என்ற சொல்லுக்குத் தமிழ் வழக்கில் நற்பெயர் குறைவு. தோற்றவன் ஓடுகிறான், கடன்பட்டவன் ஓடுகிறான், களவு செய்தவன் ஓடுகிறான். ‘ஓடுகாலி’ என்பது வசைச்சொல். மார்பிற்பட்ட புண்ணைப் போற்றிய நம் புறத்திணை மரபு முதுகிற்பட்ட புண்ணை நாணியது. இவ்வாறாயினும் எல்லா ஓட்டமும் ஓரியல்பினதன்று. ஓடுவோனின் கால்களை நோக்கினால் வேறுபாடு புலப்படாது; உள்ளத்தை நோக்கினாற் புலப்படும். உள்ளத்து நிகழ்ச்சி உடல்வழி வெளிப்படுதலை ஆராய்ந்த தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் இங்கு நமக்கு உதவுகிறது. அது எண்வகை மெய்ப்பாடுகளைக் கூறி, ஒவ்வொன்றுக்கும் நந்நான்கு நிலைக்களன்களை வகுக்கிறது. அச்சம் அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்பவற்றாற் பிறக்கிறது. பெருமிதம் கல்வி, தறுகண், இசைமை, கொடை என்பவற்றாற் பிறக்கிறது. உவகையின் நிலைக்களன்களாகச் செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு என்ற நான்கும் சொல்லப்படுகின்றன. மனிதர் ஓடும் ஓட்டங்களையும் இம்மூன்று மெய்ப்பாடுகளின்பாற் படுத்தி நோக்கலாம்: அச்சத்தின் ஓட்டம், பெருமிதத்தின் ஓட்டம், உவகையின் ஓட்டம்.

இவற்றுள் முதலாவதை இக்கரையோரம் நன்கறியும். 1958இலும் 1977இலும் 1983இலும் கொழும்புத் தமிழர் ஓடினர். 1983 யூலை 25ஆம் நாள் வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் வீடுகளும் கடைகளும் எரிந்தபோது, வாழ்நாளில் ஓடியறியாத முதியோரும், குழந்தையை இடுப்பிற் சுமந்த தாய்மாரும் ஓடினர். மதில் கடந்து அயலிலுள்ள சிங்களக் குடும்பங்களிடம் அடைக்கலம் புகுந்தோர் பலர். பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியிலும் இரத்மலானையிலும் அமைந்த அகதி முகாம்களை அடைந்தோர் பலர். இவ்வோட்டத்தில் வேகம் உண்டு, விருப்பம் இல்லை. ஓடுபவரின் கால்கள் அப்பொழுது அவருடையன அல்ல. துரத்துபவனே அவற்றை இயக்குகிறான். இன்றைய தலைமுறையினராகிய நாம் அதனைக் கண்டிலோம். பெற்றோரும் பாட்டன்மாரும் சொல்லக் கேட்டே அறிந்தோம். ஆயினும் நம் குடும்பங்கள் பலவற்றில் ‘ஓட்டம்’ என்ற சொல் முதலில் நினைவூட்டுவது விளையாட்டு மைதானத்தையன்று.

இரண்டாவது பெருமிதத்தின் ஓட்டம். பெருமிதத்தின் நிலைக்களன்களுள் ஒன்றாகிய இசைமை என்பது புகழ். பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டி தொடக்கம் ஒலிம்பிக் வரை இப்புகழுக்கான ஓட்டம் நிகழ்கிறது. 1948இல் இலண்டனில் டங்கன் வைற் 400 மீற்றர் தடைதாண்டி ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் வென்று இந்நாட்டுக்கு முதலாவது ஒலிம்பிக் பதக்கத்தைத் தேடித்தந்தார். 2000ஆம் ஆண்டு சிட்னியில் சுசந்திகா ஜயசிங்க 200 மீற்றர் ஓட்டத்தில் மூன்றாமிடம் பெற்று வெண்கலம் வென்றார். முதலிடம் பெற்ற மரியன் ஜோன்ஸ், ஊக்கமருந்து பயன்படுத்தியமையை 2007இல் ஒப்புக்கொண்டு தம் பதக்கங்களை இழந்தார். அதனால் சுசந்திகாவின் வெண்கலம் பின்னர் வெள்ளியாயிற்று. நியாயமான தீர்ப்பே அது. எனினும் ஈண்டு நுணுகி நோக்கத்தக்கதொன்று உண்டு. சிட்னியில் அவர் ஓடிய ஓட்டத்தில் ஓரடியேனும் மாறவில்லை. அதன் மதிப்போ ஆண்டுகள் பல கழிந்தபின் மாறியது. பெருமிதத்தின் ஓட்டத்திற்கு மதிப்பை வழங்கும் அதிகாரம் ஓடுபவரிடம் இல்லை, பிறரிடம் இருக்கிறது என்பதனை இந்நிகழ்ச்சி தெளிவுறுத்துகிறது.

இத்தகைய ஓட்டத்தை நாம் இழித்துரைக்க வேண்டியதில்லை. மனிதரின் பெருஞ்சாதனைகள் பலவற்றை அது விளைத்திருக்கிறது. ஆயின் வாழ்க்கை முழுவதையும் அதன் அச்சில் வார்க்கும்போதே தீங்கு நேர்கிறது. இந்நாட்டு மாணவருள் ஒருவர் பத்து வயதிற் புலமைப்பரிசிற் பரீட்சைக்கு ஓடுகிறார், பின்னர் சாதாரண தரத்துக்கு, அதன்பின் உயர்தரத்துக்கு, ஈற்றில் இஸட் புள்ளியின் தசம தானங்களில் அவரது எதிர்காலம் தீர்மானிக்கப்படுகிறது. இவ்வமைப்பில் வளர்ந்த ஒருவருக்கு, தாம் வெல்லமுடியாத ஒன்றைத் தொடங்குதல் அறிவீனமாகவே தோன்றும். சிறுவயதில் இசை வாராதவர் பின்னர் இசையை நாடார். சித்திரத்துக்குக் குறைந்த புள்ளி பெற்றவர் பின்னர் தூரிகையைத் தொடார். மைதானத்திற் கடைசியாக வந்தவர் பின்னர் ஓடார். பரீட்சைகள் நமக்குத் தந்த பெருஞ்சேதம் சிலரைத் தோல்வியுறச் செய்தமையன்று. தோல்வியுறக்கூடிய செயல்களின்மீது அன்புகொள்ளும் ஆற்றலையே பலரிடமிருந்து பறித்தமையாகும்.

இந்நிலையிலேதான் காலந்தாழ்த்தி ஓடத் தொடங்குபவர் நம் கவனத்தை ஈர்க்கிறார். குழந்தை இயல்பினால் ஓடுகிறது. வீரன் தன் திறமையினால் ஓடுகிறான். இவரோ தம் தெரிவினால் மட்டுமே ஓடுகிறார். பஞ்சாபைச் சேர்ந்த பௌஜா சிங்கின் வாழ்க்கை இதற்குச் சிறந்த சான்று. உழவராக வாழ்ந்து முதுமையில் இங்கிலாந்திற் குடியேறிய அவர், 1994இல் தம் மகன் ஒருவரைப் பறிகொடுத்தார். அத்துயரின் பின்னரே ஓட்டத்தைத் தஞ்சமடைந்தார். 2000ஆம் ஆண்டில் இலண்டன் மரதன் ஓட்டத்தில் முதன்முதலாகக் கலந்துகொண்டபோது அவருக்கு வயது 89. 2011இல், நூறாவது வயதில், ரொறன்ரோவில் 42.195 கிலோமீற்றரை எட்டு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்து முடித்தார். அவர் பிறந்ததாகக் கூறப்படும் 1911ஆம் ஆண்டுக்குரிய பிறப்புச் சான்றிதழ் இன்மையால் கின்னஸ் நிறுவனம் அதனைச் சாதனையாக ஏற்கவில்லை. ஏற்காமையால் அவர் இழந்தது யாது? அவர் 2013 வரை மரதன் நிகழ்வுகளிற் கலந்துகொண்டார். அதன்பின்னும் நடையைக் கைவிடவில்லை. 2025 யூலை 14ஆம் நாள் தம் சொந்த ஊரில் வாகனம் மோதி அவர் இறந்தார். புறத்தார் வழங்கும் மதிப்பினாலன்றி உள்ளிருந்து எழும் ஒன்றினால் அவரது ஓட்டம் நிலைபெற்றது என்பதில் ஐயமில்லை.

இங்கே ஓர் ஆட்சேபம் எழலாம். “இவர்களும் பயன் கருதியே ஓடுகின்றனர், சிலர் துயர் மறக்க, சிலர் நோய் தீர்க்க. பயன் கருதாச் செயல் என்பது வெறும் கற்பனை” என்பதே அது. ஆட்சேபத்தில் உண்மை உண்டு. தமிழ்நாட்டில் சென்னை மாநகர முதல்வராக 2006 முதல் 2011 வரை பணியாற்றி, 2021இல் மக்கள் நல்வாழ்வுத்துறை அமைச்சராகப் பொறுப்பேற்ற மா. சுப்பிரமணியன், 2004இல் வீதி விபத்தொன்றில் முழங்காலிற் கடுங்காயமுற்றவர். நீரிழிவு நோயும் உடையவர். ஐம்பது வயதைக் கடந்தபின்னரே நெடுந்தூர ஓட்டத்தில் ஈடுபட்டு, நூற்றுக்கு மேற்பட்ட அரை மரதன் ஓட்டங்களை முடித்தார். யப்பானிய எழுத்தாளர் ஹருகி முரகாமி, தாம் நடத்திவந்த இசை விடுதியை விட்டு முழுநேர எழுத்தாளரானபின், உடல் பருக்கத் தொடங்கியமையால் 1982இல், 33ஆவது வயதில், ஓடத் தொடங்கினார். பின்னர் ஓட்டத்தைப் பற்றி ஒரு நூலே எழுதினார். அது 2007இல் வெளிவந்தது. இவர்களைத் தொடக்கத்தில் ஓடவைத்தது உடல்நலம் என்பது வெளிப்படை. ஆனால் தொடங்குதற்குரிய காரணமும் தொடர்தற்குரிய காரணமும் ஒன்றாயிருத்தல் வேண்டுமென்ற நியதி இல்லை. ஒருவர் மழைக்கு ஒதுங்கியே நூலகத்தினுட் புகுந்திருக்கலாம். மழை விட்டபின்னும் அவர் எழுந்து செல்லாதிருப்பின் அவரை இருத்திவைத்தது மழையன்று. உடல்நலத்துக்கு நூறு அரை மரதன் வேண்டியதில்லை. நாள்தோறும் அரைமணி நேர நடையே பெரிதும் போதும். தேவைக்கு மிஞ்சிய அந்த ஓட்டமெல்லாம் உவகையின் கணக்கிற் சேர்வது.

அவ்வுவகை எவ்வாறு பிறக்கிறது? அன்பு கட்டளையினாற் பிறப்பதன்று என்பர். எனின், முதல்நாள் வெறுப்பூட்டிய ஒன்றின்மீது பின்னர் அன்பு தோன்றுவதெங்ஙனம்? இதனை எழுதுபவனும் இருபது வயதைக் கடந்தபின் ஓடத் தொடங்கியவனாதலால் தொடக்க நாள்களின் துன்பத்தை அறிவான். இரண்டு மின்கம்பங்களுக்கிடையே மூச்சு முட்டும், கொழும்பின் ஈரக்காற்றில் வியர்வை உலராது உடலில் ஒட்டும், கெண்டைக்கால் கல்லாகும். தொடக்கநிலையினர் செய்வது பெரும்பாலும் ஒன்றே: பேசமுடியாத வேகத்தில் ஓடுதல். பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்துக்கு இறங்கி, ஓட்டமும் நடையுமாக மாறிமாறிச் சென்றால், சில வாரங்களில் உடல் மாறத் தொடங்குகிறது. குருதியின் நீர்ப்பகுதி பெருகுகிறது. ஒரு துடிப்பில் இதயம் வெளியேற்றும் குருதியின் அளவு கூடுகிறது. தசைகளில் மயிர்க்குழாய்களும் இழைமணிகளும் பெருகுகின்றன. எலும்பும் தசைநாணும் இவற்றிலும் மெதுவாகவே வலுப்பெறும். எனவே மூச்சுப் பழகிவிட்டதென்று விரைபவர் காலிற் காயமுறுகிறார். உடலின் உறுப்புகள் யாவும் ஒரே வேகத்திற் கற்பதில்லை என்ற இவ்வுண்மை பொறுமையை ஓர் அறமாக அன்றி ஒரு தேவையாகவே கற்பிக்கிறது.

தமிழ் மொழி இவ்விடத்தில் நுட்பமானதோர் உண்மையைத் தன் சொல்லொன்றிற் பொதிந்து வைத்திருக்கிறது. ‘பழகுதல்’ என்பது பயிற்சி செய்தலையும் குறிக்கும். ஒருவரோடு நட்புக் கொள்ளுதலையும் குறிக்கும். வாள் பழகினான் என்கிறோம்; அயலவரோடு பழகினான் என்றும் கூறுகிறோம். பயிற்சியும் நட்பும் ஒரே வழியில் விளைவன என்பதே இச்சொல்லின் குறிப்பு. ஓடப் பழகுபவர் ஓட்டத்தோடு பழகுகிறார். அதன்வழி, அதுவரை சுமையாகவோ கருவியாகவோ மட்டும் கருதிய தம் உடலோடு பழகுகிறார். 2004ஆம் ஆண்டு டெனிஸ் பிரம்பிள், டேனியல் லீபர்மன் என்ற ஆய்வாளர் இருவர், குதிக்காலின் நீண்ட தசைநாண், வியர்வைச் சுரப்பிகளின் மிகுதி முதலிய மனிதவுடற் கூறுகள் நெடுந்தூர ஓட்டத்துக்கு ஏற்ப அமைந்தவை என்று வாதிட்டனர். அக்கருத்தை ஏற்பின், காலந்தாழ்த்தி ஓடுபவர் புதியதொன்றைக் கற்கவில்லை. மறந்ததொன்றை நினைவுகூர்கிறார் எனலாம்.

இவ்வின்பமெல்லாம் மூளையின் இரசாயன விளைவே என்பாரும் உளர். எண்டோர்பின் என்ற பொருளே இதற்குக் காரணமென நெடுங்காலம் கூறப்பட்டது. 2021இல் வெளியான ஜேர்மானிய ஆய்வொன்றில், எண்டோர்பின்களின் செயற்பாட்டைத் தடுக்கும் மருந்தை உட்கொண்டபின்னும் ஓடியோர் அதே களிப்பை அடைந்தனர். எனவே உடல் தானே ஆக்கிக்கொள்ளும் வேறுவகைப் பொருள்களின்பால் ஆய்வாளர் கவனம் திரும்பியது. காரணம் எதுவாயினும் நமது வினாவுக்கு அது விடையாகாது. தாய் பிள்ளைமேற் கொண்ட அன்புக்கும் உடலில் இரசாயனம் உண்டு. அதனால் அவ்வன்பு பொய்யாகிவிடுவதில்லை.

அரிஸ்டோட்டில் செயல்களை இருவகையாகப் பகுத்தார். வீடு கட்டுதல் போன்றவை முடிவை அடைந்தபின்னரே நிறைவுறுவன. கட்டிமுடியும்வரை அவை குறையுடையனவே. காணுதல் போன்றவையோ ஒவ்வொரு கணத்திலும் நிறைவுடையன, கண்டுகொண்டிருக்கும்போதே கண்டாயிற்று. இடம்விட்டு இடம் செல்லும் ஓட்டம் முதலாவது வகையினது. புறப்பட்ட இடத்துக்கே மீளும் ஓட்டமோ, செல்லுமிடம் என ஒன்று இல்லாமையால், இரண்டாவது வகைக்கு மாறுகிறது. முன்னர் குறித்த பூச்சியத்தின் பொருள் இதுவேயாகும். கணக்கேட்டில் அது நட்டம். ஆயின் பயனென்னும் தளையிலிருந்து செயல் விடுபட்டதற்கு அதுவே அடையாளம். கீதை கூறும் பயன்கருதாக் கருமம் கடமையைச் சார்ந்தது. இதுவோ கடமையும் அன்று. செய்யாவிடினும் குற்றமில்லாத ஒன்றை விரும்பிச் செய்தலே விளையாட்டு. தொல்காப்பியர் அதனை உவகையின் நிலைக்களனாக வைத்தார். கம்பரோ, தம் காப்பியத்தின் கடவுள் வாழ்த்திலே, உலகங்களைப் படைத்துக் காத்து அழித்தலையே இறைவனின் விளையாட்டாகக் கண்டார்.

இதனினும் வலிய ஆட்சேபம் இன்னொன்று உண்டு. இவ்விளையாட்டு வசதி படைத்தோரின் ஆடம்பரம் அன்றோ? ஓடுவோர் கடற்கரையோரம் வியர்வை சிந்தும் அதே வேளையில் மீனவர் தோணியை மணலில் இழுத்துக் கரையேற்றுகின்றனர். வீதி கூட்டும் பெண்கள் குனிந்து நிமிர்கின்றனர். அவர்களை நோக்கி ‘ஓட்டத்தின் இன்பத்தை அறிமின்’ எனக் கூறுதல் கொடுமையாகும். இது மறுக்கமுடியாத உண்மை. ஆயின் அதிலிருந்து பெறப்படும் முடிவு யாது? ஓய்வும் உடல்வலுவும் சமமாகப் பங்கிடப்படவில்லை என்பதேயன்றி, அவ்வின்பம் போலியானது என்பதன்று. நூல் வாசிக்க நேரமில்லாதோர் நாட்டில் உளர் என்பதனால் இலக்கியம் பொய்யாகாது. அவர்களுக்கும் நேரம் கிடைக்கச் செய்தலே நீதியாகும். பிறர் வியர்வையின்மேல் நின்று தன் வியர்வையைப் பெருமையாகப் பேசாதிருத்தல் ஓடுபவர் கொள்ளவேண்டிய குறைந்தபட்ச அடக்கம்.

அவ்வடக்கத்துக்கு இன்று வேறொரு சோதனையும் உண்டு. கைக்கடிகாரம் ஒவ்வோர் அடியையும் எண்ணுகிறது. கைபேசி அதனை ஊரறியப் பறைசாற்றுகிறது. பரீட்சையினின்றும் தப்பி ஓடியவரைப் பரீட்சை துரத்திவந்து பிடித்துக்கொள்கிறது. அளத்தல் தவறன்று, நேற்றைய தன்னோடு இன்றைய தன்னை ஒப்பிடுதல் பழகுதலின் ஒரு பகுதி. ஆனால் எண் குறைந்த நாளில் ஓட்டமும் கசப்பாயிற்றெனின், உவகையின் ஓட்டம் பெருமிதத்தின் ஓட்டமாக மீண்டும் மாறிவிட்டதென்று அறிக.

இறுதியாக, உவகைக்கும் அச்சத்துக்குமுள்ள தொடர்பை நோக்குவாம். 1967இல் பொஸ்டன் மரதனிற் பெயர்பதிந்து ஓடிய கத்தரின் சுவிட்சர் என்ற பெண்ணைப் போட்டி அதிகாரி ஒருவர் ஓட்டத்தின் நடுவே பற்றியிழுத்து வெளியேற்ற முயன்றார். அப்போட்டியிற் பெண்கள் முறைப்படி அனுமதிக்கப்பட்டது 1972இல். ஒலிம்பிக்கிற் பெண்களுக்கான மரதன் இடம்பெற்றது 1984இல். சட்டம் அனுமதித்தபின்னும் நம் நகரில் ஒரு பெண் வைகறையிருளில் தனியே ஓடுவதற்குமுன் எத்தனையோ முறை சிந்திக்க வேண்டியிருக்கிறது. 2009 வரை நீடித்த போர்க்காலத்தில் கொழும்பு வீதிகளிற் சோதனைச் சாவடிகள் இருந்தன. அடையாள அட்டையின்றி வெளியே செல்ல அஞ்சிய அந்நாள்களில், தமிழ் இளைஞன் ஒருவன் விடியுமுன் காலி வீதியில் ஓடியிருப்பின், ‘ஏன் ஓடுகிறாய்?’ என்ற வினாவுக்கு ‘ஓடப் பிடிக்கும்’ என்ற விடை போதியதாயிருந்திராது.

அவ்விடை போதியதாகும் சமுதாயமே நல்ல சமுதாயம் என்பது நம் கருத்து. விளையாட்டு என்பது அச்சம் நீங்கிய இடத்திலேயே முளைக்கக்கூடியது. அதனால் ஒரு நாட்டில் நீதி எவ்வளவு நிலைபெற்றுள்ளதென்பதை அறிய, நீதிமன்றங்களை மட்டும் நோக்குதல் போதாது. அங்கே யார் யார் காரணம் கூறாமல் ஓடமுடிகிறது என்பதனையும் நோக்க வேண்டும். நம் மூத்தோர் துரத்தப்பட்டு ஓடிய தெருக்களில் இன்று அவர்களின் பிள்ளைகளுட் சிலர் விரும்பி ஓடுகின்றனர். பழைய ஓட்டத்தை இது மறக்கச் செய்யாது. மறக்கச் செய்தலும் தகாது. ஆயினும் துரத்துபவனுக்குரியனவாயிருந்த கால்கள் மீண்டும் ஓடுபவருக்குரியனவாயின என்ற அளவில் இது சிறிய மீட்சியன்று. வெல்லாவிடினும், பிந்தித் தொடங்கினும், காரணம் கூறாவிடினும், ஒருவர் தமக்கு விருப்பமானதொன்றைச் செய்ய உரிமையுடையவர். அவ்வுரிமை எல்லோருக்கும் வாய்க்கும்போதே அது முழுமையுறும் என்பது இவ்வெளிய உதாரணத்தினின்றும் நாம் பெறும் முடிவாகும்.